குடலும் கரப்பானும்

எக்சிமா எனப்படும் கரப்பான் தோலிலே தோன்றுவது; ஆயினும் அதன் வேர்களுள் ஒன்று குடலிலும் இருக்கலாம் என்பர் ஆராய்ச்சியாளர். பகை எது, உறவு எது என உடலின் எதிர்ப்பாற்றல் பகுத்தறியப் பழகுவதற்குக் குடலில் வாழும் பற்றீரியாக்கள் துணைபுரிகின்றன.

பின்லாந்தின் துர்க்கு நகரில், ஒவ்வாமை மரபுள்ள குடும்பத்துத் தாய்மாருக்குப் பேற்றின் முன்னரும், தாய்க்கோ சேய்க்கோ அதன்பின் ஆறு மாதமும், பாலைப் புளிக்கச் செய்யும் இனத்துப் பற்றீரியா ஒன்று கொடுக்கப்பட்டது. 2001இல் வெளியான முடிவின்படி, அதனைப் பெற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு 23 பேருக்கும், பெறாதோருள் 46 பேருக்கும் இரண்டு வயதளவில் கரப்பான் காணப்பட்டது.

பின்வந்த ஆய்வுகளுள் சில இதனை உறுதிசெய்யவில்லை. வந்துவிட்ட கரப்பானை இவை பெரிதும் தணிப்பதில்லை என்பதும் 2018இல் வெளியான தொகுப்பாய்வொன்றால் தெளிவாயிற்று. எனவே தயிரையோ பற்றீரியா மாத்திரையையோ நம்பி, மருத்துவர் தந்த பூச்சுமருந்தைக் கைவிடுதல் தகாது.