மருந்து பூசிய கண்ணாடி

நம்மில் பலரது பூஜையறையில், தெய்வத் திருவுருவங்களின் அருகே பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் அமர்ந்திருக்கும் படமும் விளங்கக் காண்கிறோம். அது ஓவியரின் கற்பனையன்று; அவர் வாழ்ந்த நாளிலேயே காமிராவினால் எடுக்கப்பெற்ற புகைப்படம்.

புகைப்படக் கலை 1839-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1851-இல் கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் ஈர முறை வந்தது. தூய கண்ணாடியின்மீது கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து முடிக்க வேண்டும். உருவம் பதியச் சில நொடிகள் ஆகும். அதற்குள் அசைந்தால் முகம் கலங்கிவிடும். ஆதலால் அமர்ந்திருப்பவரின் தலைக்குப் பின்னே இரும்புத் தாங்கி ஒன்றை மறைவாக நிறுத்துவர். பழைய படங்களில் நம் முன்னோர் விறைப்பாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்னாளில் தம் உருவத்தை எழுதுவித்து வைத்துக்கொள்ளுதல் அரசருக்கும் செல்வருக்குமே இயன்றது. புகைப்படம் அந்த வேலியை அகற்றியது. ஏழை அர்ச்சகராக வாழ்ந்த ஒரு மகானின் திருமுகம் நமக்குக் கிடைத்தது இதனாலேயே.

தக்ஷிணேசுவரத்தில் ராதாகாந்தர் சந்நிதியின் தாழ்வாரத்தில், பவநாதர் என்னும் அடியாரின் விருப்பப்படி, அவினாஷ் என்பவர் அப்படத்தை எடுத்தார். அவ்வேளை பகவான் சமாதியில் ஆழ்ந்திருந்தார். பிறருக்கு இரும்புத் தாங்கி அளித்த அசைவின்மையை அவருக்குச் சமாதியே அளித்தது. பின்னர்க் கண்ணாடித் தகடு கைதவறி விழுந்து ஓரம் உடைந்ததென்றும், அக்குறை தெரியாவண்ணம் மேற்புறத்தை வளைவாக வெட்டினரென்றும் கூறுவர். அன்னை ஸ்ரீசாரதா தேவியாரும் பகவானின் படத்தை வைத்து நித்திய பூஜை செய்துவந்தார்.

இதற்கு முன்னரே, 1881-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், சுரேந்திரர் என்னும் அடியார் பகவானைக் கல்கத்தா ராதாபஜாரிலிருந்த படநிலையத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். படம் பதியும் விதத்தை அங்கே அவருக்குக் காட்டினர். அதைக் குழந்தைபோல் வியந்து நோக்கிய பகவான், அன்றே கேசவ சந்திர சேனரிடம் அதனை ஓர் உபதேசமாக எடுத்துரைத்தார். வெறுங் கண்ணாடியில் உருவம் நில்லாது. மருந்து பூசிய கண்ணாடியிலேயே நிற்கும். அதுபோல, ஈசுவரனைப் பற்றிய உரைகளைக் கேட்பதனால் மட்டும் அவை உள்ளத்தில் தங்கிவிடுவதில்லை; பக்தியும் ஏக்கமும் உள்ளே தோய்ந்திருந்தால்தான் தங்கும் என்பது அதன் கருத்து.

“எத்தனையோ உபந்நியாசங்கள் கேட்டோம், ஒன்றும் நினைவில் நிற்கவில்லையே!” என்று முதுமையில் வருந்துவோர் பலர். செவி மங்கலாம், நினைவும் தளரலாம். பகவான் கேட்டது கூர்மையான நினைவை அன்று, ஏக்கத்தையே. அதற்கு வயது ஒரு தடையன்று. நாளைக் காலை விளக்கேற்றி அப்படத்தின் முன் அமரும்போது, சில நொடிகள் அசையாதிருந்து, அந்த ஏக்கத்தையே அவரிடம் வேண்டுவோமாக.