இறால் கூடைக்குள் எத்தனை கஜானா!

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பூநாரையைத் தேடுவார்கள், டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் படமெடுப்பார்கள், கையோடு கொஞ்சம் நண்டு வாங்கித் திரும்புவார்கள். இன்று உங்களை வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். ஏரிக்கரையில் மீன் ஏலம் நடக்கும் இடம்! கூச்சலுக்கு நடுவே ஒரு கூடை வெள்ளை இறால் இறங்குகிறது. டெல்லி, சென்னை, ஊர்ப் பஞ்சாயத்து, ஏன் வாஷிங்டனும்கூட அந்தக் கூடைக்குள் உட்கார்ந்திருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறேன், வாருங்கள்!

முதல் ஆச்சரியம்: பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கரையில் வைத்து விற்கும் இறாலுக்கு ஒரு பைசா வரி இல்லை. மீனவர் வரி கட்டாதவர் என்று நகரத்தில் பலர் நினைப்பது இதனால்தான். இனி அந்தக் கூடை வந்த வழியைப் பாருங்கள். வலைக்கு 5 சதவீதம் வரி. ஐஸுக்கு 5 சதவீதம். மீன் அடுக்கும் தெர்மாகோல் பெட்டிக்கு 18 சதவீதம். ஒரு கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்வார். மீனவர் விற்கும் பொருளுக்கு வரியே இல்லை என்பதால் கழிக்கவும் வழியில்லை. வலையிலும் ஐஸிலும் கட்டிய வரி அவர் தலையிலேயே தங்கிவிடுகிறது. அந்தச் செலவை விலையில் ஏற்றலாம் என்றால், விலை சொல்வது அவரில்லை. ஏலம் எடுக்கிற வியாபாரி. வலைக்கும் எஞ்சினுக்கும் அவரிடமே முன்பணம் வாங்கியிருந்தால் பேரம் பேசவும் வாய் வராது.

அதே இறால் பதனிடும் ஆலை வழியாகக் கப்பல் ஏறினால் கதை மாறுகிறது. ஏற்றுமதியாளர் உள்ளீடுகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். சட்டமே அதற்கு வழி செய்திருக்கிறது. கரையில் நிற்பவருக்கு அந்த வழி இல்லை. 2024-25இல் இந்தியா 62,408 கோடி ரூபாய்க்குக் கடல் உணவை ஏற்றுமதி செய்தது. அதில் பெரும்பங்கு உறைந்த இறால், முதல் வாடிக்கை அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதச் சுங்கம் விதித்தபோது எல்லோரும் பேசியது ஆந்திரத்து இறால் பண்ணைகளைப் பற்றி. ஆனால் பண்ணை இறால் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பினால், ஏரி இறாலும் அதோடுதான் போட்டி போட வேண்டும்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்! வெள்ளைக்காரன் காலத்தில் மீனவரின் இடுப்பை ஒடித்தது உப்பு வரி. உப்பு விலை ஏறினால் கருவாடு போட முடியாது; கருவாடு போட முடியாவிட்டால் மிஞ்சிய மீன் கரையிலேயே அழுகும். ஃபிரான்சிஸ் டே என்ற மருத்துவர், மீன்களை ஆராய்ந்தவர், 1870களில் இந்தத் தொழிலைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். பிறகு சென்னை மாகாணக் கடற்கரைகளில் அரசே மீன் பதனிடும் முற்றங்களைத் திறந்து, அங்கே மட்டும் வரியில்லா உப்பைக் கொடுத்தது. தொழிலுக்கு வேண்டிய பொருளின் மீது வரி போட்டால் தொழிலே சாயும் என்பதை ஏகாதிபத்தியக் கஜானாவே ஒப்புக்கொண்டது! உப்பு வரி ஒழிய 1947 ஆனது. உதிரியாக விற்கும் கருவாட்டுக்கு இன்றைக்கும் ஜிஎஸ்டி இல்லை.

உப்பு இருந்த இடத்தில் இப்போது டீசல். தமிழ்நாட்டில் ஒரு லிட்டர் டீசலுக்கு மாநில வரி 11 சதவீதமும் அதற்கு மேல் 9 ரூபாய் 62 காசும். மீன்பிடிப் படகுகளுக்கு இந்த வரி விலக்கு உண்டு. எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகுக்கு ஆண்டுக்கு 4,400 லிட்டர், விசைப்படகுக்கு 19,000 லிட்டர். ஒரு நாட்டுப்படகுக்காரர் தன் பங்கை முழுசாக வாங்கினால், அந்த 9 ரூபாய் 62 காசில் மட்டுமே 42,328 ரூபாய் மிச்சம். கையில் பணமாக வராததால் இதை யாரும் உதவி என்று எண்ணுவதே இல்லை. ஆனால் மேடை போட்டு அறிவிக்கும் நிவாரணத்தைவிட இது பல மடங்கு பெரிது!

சந்தோஷம்தான். கூடவே ஒரு வருத்தமும் இருக்கிறது. பழவேற்காடு கடல் மட்டுமா? ஏரியில் கழி ஊன்றித் தோணி தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இருளர்கள். எஞ்சின் இல்லாதவருக்கு டீசல் வரி விலக்கில் என்ன பங்கு? ஒன்றுமில்லை. பெரிய படகுக்குப் பெரிய சலுகை, சின்னப் படகுக்குச் சின்னச் சலுகை, படகே இல்லாதவருக்குச் சுழியம். இது நியாயமில்லை.

நிவாரணத்தையும் எண்ணிப் பார்த்துவிடுவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த உதவித்தொகையை 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மாநாட்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். ஊரக வேலைத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். உயர்வு நல்லதுதான், போதாது.

மீனவப் பெண்களுக்கான சேமிப்புத் திட்டத்தை மட்டும் மனமாரப் பாராட்டுவேன். பெண் 1,500 ரூபாய் சேமித்தால் மாநில அரசு 3,000 சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திருப்பித் தருகிறது. 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்தையும் 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தலையில் கூடை சுமந்து விற்கப் போகும் அக்காவுக்குப் போகவர மிச்சமாகும் பேருந்துக் காசு அன்றைய லாபத்தின் ஒரு பகுதி. மீன்வளத் துறையின் கணக்கில் அது வராது, வீட்டுக் கணக்கில் வரும்!

இத்தனை அரசாங்கங்களுக்கும் முன்னால் ஊருக்கே ஒரு கஜானா இருந்தது, இன்றும் இருக்கிறது! மீனவக் குப்பங்களில் தலைக்கட்டு வரி என்பார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்ப் பஞ்சாயத்து வசூலிக்கும். கோயில் திருவிழாவும் ஊர்ப் பொதுச் செலவும் அதில் நடக்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ஏரிக்குள் பாடு முறை உண்டு. இன்ன இடத்தில் இன்றைக்கு இன்னார் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் வருமானத்தைப் பங்கு போடும் ஏற்பாடு. பாடு இல்லாத சாதியினரும் பெண்களும் அதற்கு வெளியே நிற்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம் முகத்துவாரம்! ஏரியும் கடலும் கலக்கும் அந்த வாய் மணல் மூடி அடைபட்டால் எல்லாம் நின்றுவிடும். இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. மானிய டீசல் கையில் இருந்தும் பயனில்லை. ஆண்டாண்டாக மீனவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததன் பேரில், வாயை நிரந்தரமாகத் திறந்துவைக்கக் கருங்கல் சுவர் எழுப்பும் திட்டத்துக்கு மாநில அரசு சுமார் 27 கோடி ரூபாய் ஒதுக்கியது. படகு உள்ளவர், இல்லாதவர், சேற்றில் துழாவுகிறவர், கருவாடு விற்கிறவர் என எல்லோருக்கும் ஒருசேரப் போய்ச் சேரும் செலவு இது ஒன்றுதான். அதனால் என் ஓட்டு இதற்கே! தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்று எச்சரிக்கை வரும். நாட்டுக்குப் பெருமையான அந்த நாளில் இந்தக் குப்பங்களுக்கு வேலை போகிறது. அந்த நாள்கூலியையும் ராக்கெட் திட்டச் செலவில் சேர்த்து எழுத வேண்டும்.

கல் கட்டிய சுவரும் பராமரிக்காவிட்டால் மணலில் புதையும். எனவே ஆட்சியில் இருப்பவர்களிடம் கேட்கிறேன்: முகத்துவாரத்தைத் தூர்வார ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையிலும் தனியாகப் பணம் வையுங்கள். எஞ்சின் இல்லாத ஏரித் தொழிலாளிக்கும், கையால் இறால் பிடிக்கும் பெண்ணுக்கும் டீசல் சலுகைக்கு ஈடான தொகையை நேரடியாக வங்கிக் கணக்கில் போடுங்கள்.