உங்களுக்குத் தெரியுமா? – நீருக்கடியில் நிகழ்ந்த அஸ்திவாரத் திருப்பணி

இங்கிலாந்தில், வின்செஸ்டர் நகரத்துப் புராதனமான கிறிஸ்தவப் பேராலயத்தின் கீழைப்பகுதி, 13-ஆம் நூற்றாண்டில், மக்கிய தாவரங்களாலான சதுப்பு மண்ணின்மீது பீச் மரக்கட்டைகளைப் பரப்பி அவற்றின்மேல் எழுப்பப்பெற்றதாகையால், காலக்கிரமத்தில் அஸ்திவாரம் அமிழ்ந்து, 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சுவர்கள் வெடித்துச் சாயத் தலைப்பட்டன.

சுவர்களின் கீழே குழிகள் தோண்டியபொழுது நிலத்தடி நீர் பெருகிற்று. நீரை இறைத்தபின் வேலை செய்யலாமென்றாலோ, இறைக்க இறைக்க மண்ணும் உடன் நெகிழ்ந்து கட்டடத்துக்கே அபாயம் நேரும் நிலை. ஆகவே, பிரான்சிஸ் பாக்ஸ் என்ற பொறியியல் நிபுணரின் யோசனைப்படி, வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பாளர், கனத்த கவச உடை தரித்து, சுமார் 20 அடி ஆழம் வரையில், கலங்கிய நீரின் பூரண அந்தகாரத்திலே, கண்ணின் துணையின்றிக் கைகளால் தடவித் தடவியே, சதுப்பு மண்ணை அகற்றி, அடியிலிருந்த உறுதியான சரளைப் படுகையின்மீது கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். இவ்விதம் ஊற்று அடைபட்ட பிறகே நீரை இறைத்துவிட்டுக் கொத்தர்கள் இறங்கி, கான்கிரீட் கட்டிகளும் செங்கற்களும் கொண்டு, மேலே தொங்கிநின்ற பழஞ்சுவர் வரை புதிய அஸ்திவாரத்தை உயர்த்த முடிந்தது.

சுமார் 25,000 மூட்டைகளை அடுக்கிய, 1906 முதல் 1911 வரை நீடித்த அந்த ஏகாந்த உழைப்பை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது. அந்த மகத்தான ஆலயம் இன்றும் நிற்கிறது. வாக்கரோ 1918-இல் விஷக்காய்ச்சலுக்கு இரையானார்.