வட்டாட்சியர் வேடத்தில் ஓர் இயந்திரம்

இணையவழிப் படிப்புகளில் புதிதாக ஒரு பயிற்சி நுழைந்திருக்கிறது. வீடியோ பார்த்து, சரியான விடையைத் தொட்டு, சான்றிதழ் வாங்குவதோடு வேலை முடிவதில்லை. மாணவர் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தோடு தட்டச்சு செய்து உரையாட வேண்டும். அந்த உரையாடலை ஆசிரியர் படித்துப் பார்ப்பார். 'நான் முதல்வன்' திட்டம் 2022இல் வந்தபின் அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இணையப் படிப்பு புதிதல்ல. இந்தப் பயிற்சியும் காலனித் தெருவுக்கு வந்து சேர நாளாகாது. அதை யார், எப்படி அமைக்கிறார்கள் என்பதில் நமக்கு அக்கறை வேண்டும்.

வகுப்பில் கை தூக்காத பிள்ளைகளை நாம் அறிவோம். சந்தேகம் இருக்கும், வாய் வராது. பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ, பெயரைச் சொன்னதும் 'எந்தத் தெரு' என்பார்களோ என்ற தயக்கம். இயந்திரம் தெரு கேட்பதில்லை. ஒரே சந்தேகத்தைப் பத்து முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல.

எங்கள் மாலை நேரப் பயிற்சி மையத்தில் இதைச் செய்து பார்த்தோம். எடுத்துக்கொண்ட பொருள் பஞ்சமி நிலம். இயந்திரத்துக்கு முன்கூட்டியே இப்படி எழுதிக் கொடுத்தோம்: 'நீ வட்டாட்சியர். ஆக்கிரமிக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்க ஒரு மாணவர் மனு கொண்டுவருகிறார். எளிய தமிழில், ஒரு முறைக்கு ஒரு கேள்வி மட்டும் கேள். விடையை நீயே சொல்லிவிடாதே. ஏழு கேள்விக்குப் பின் மனுவில் உள்ள குறையைச் சொல்.' (ஒரு முறைக்கு ஒரு கேள்வி கேட்டுப் பொறுமையாகக் காத்திருக்கும் வட்டாட்சியர் கற்பனைதான். பயிற்சிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.)

'விடையைச் சொல்லாதே' என்ற வரிதான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் இயந்திரமே மனுவை எழுதித் தந்துவிடும். பிள்ளை அதை நகலெடுத்துவிட்டுப் போகும்.

முதல் நாளே கோளாறு. பத்து ஆண்டு கழிந்தால் பஞ்சமி நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று இயந்திரம் அடித்துச் சொன்னது. ஒரு மாணவி மட்டும், "எங்க தாத்தா காகிதத்துல அப்படி இல்லக்கா" என்றார். அவர் சொன்னதே சரி. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் அரசாணை வந்தது. பத்து ஆண்டுக்கு விற்கவே கூடாது; அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. இந்த நிலத்தைக் கேட்டுப் போராடித்தான் காரணையில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த நிபந்தனையை இயந்திரம் ஒரு வரியில் துடைத்துவிட்டது, அதுவும் சுத்தமான தமிழில், தயக்கமே இல்லாமல்.

அதன் பிறகு நிபந்தனைகளைத் தமிழில் எழுதி, குறிப்போடு சேர்த்து ஒட்டி, 'இதிலிருந்து மட்டும் பேசு' என்று கட்டளையிட்டோம். உளறல் வெகுவாகக் குறைந்தது. முழுக்க நின்றுவிடவில்லை. அதனால் உரையாடல் முடிந்ததும், இயந்திரம் சொன்னதில் எது தவறு என்று பிள்ளைகள் தாளில் எழுதித் தர வேண்டும். மதிப்பெண் அந்தத் தாளுக்குத்தான்.

'அம்பேத்கரோடு உரையாடுங்கள்' என்று பயிற்சி அமைக்கும் ஆசையும் பலருக்கு வருகிறது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எழுதியதும் பேசியதும் தொகுதி தொகுதியாகத் தமிழிலேயே கிடைக்கிறது. அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்க ஓர் இயந்திரம் எதற்கு? இதைத் திருப்பிப் போடலாம். 1927இல் மகத் குளத்தில் நடந்தது பற்றி எதுவுமே தெரியாதவராக இயந்திரம் நடிக்கட்டும். பிள்ளை அதற்குப் பாடம் நடத்தட்டும்.

இயந்திரம் சாதி கேட்காது என்றோம். ஆனால் அது படித்து வளர்ந்ததெல்லாம் நம் சமூகம் எழுதி வைத்ததுதான். சாதி குறித்த வாக்கியங்களை நிரப்பச் சொன்னால் பழைய இழிவுகளையே அது எடுத்துப் போடுவதை ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் பெயர், ஊர், சாதிச் சான்றிதழ் எண் எதையும் அதில் தட்டக் கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சங்கதி. ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்தை இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் அதிகத் துண்டுகளாக நறுக்கிப் படிக்கின்றன. துண்டுக் கணக்கில் அளவு வைத்திருக்கும் இடத்தில் தமிழில் பேசினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் போய்விடும். 'ஆளுக்கு ஒரு உரையாடல்' என்று கணக்குப் போடும் பாட அமைப்பாளர்கள் இதை யோசிப்பதில்லை. நாங்கள் நான்கு பேருக்கு ஒரு போன் என்று வைத்தோம். ஒருவர் தட்டுவார், மூவர் சண்டை போடுவார்கள். தனியாக உட்கார்ந்து செய்ததைவிட இது நன்றாகவே இருந்தது.

அடுத்த பயிற்சி கல்வி உதவித்தொகை. இயந்திரத்துக்குக் கல்லூரி அலுவலக எழுத்தர் வேடம். அவர் என்னென்ன சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பிள்ளைகளையே பட்டியல் எழுதித் தரச் சொன்னோம். நான்கு பக்கம் வந்திருக்கிறது.