ஒரே பொம்மை, நாலு பேரு: வால்கிரி எப்படி ஜெட்ஃபயர் ஆச்சு?

போன எபிசோட் வெளியாகி ரெண்டு நாள்ல ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. நம்ம சுகர் லேண்ட்லயே, ஹைவே 6 பக்கம் ஒரு கராஜ் சேல்ல, வெள்ளை உடம்புல சிவப்புக் கோடு போட்ட ஒரு பழைய ஜெட் பொம்மையை அஞ்சு டாலருக்கு வாங்கியிருக்கார் லிசனர் ஒருத்தர். மடக்கினா ரோபோ. ஆட்டோபாட் ஸ்டிக்கர்கூட இருக்கு. "அண்ணா, ஈபேல தேடினா டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஜெட்ஃபயர்னு வருது. ஆனா பழைய கார்ட்டூன்ல வர்றவன் இப்படி இல்லையே? டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட் இல்ல தம்பி. அசல்தான். ஆனா அது பிறக்கும்போது டிரான்ஸ்ஃபார்மரா பிறக்கல. வேற கதையில பிறந்து, பேரை மாத்தி, ஸ்டிக்கரை மாத்தி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த பொம்மை. மைக் முன்னாடி அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடியாதுன்னுதான் இங்க எழுதறேன்.

அதோட முதல் பேரு விஎஃப்-1 வால்கிரி. 1982 அக்டோபர்ல ஜப்பான் டிவியில ஆரம்பிச்ச 'சூப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரஸ் மேக்ராஸ்' தொடர்ல வர்ற போர் விமானம். மொத்தம் 36 எபிசோட். விமானத்தை டிசைன் பண்ணவர் ஷோஜி கவாமோரி. அப்போ அவருக்கு வயசு 22. ஸ்டூடியோ நூ-ங்கற டிசைன் குழுவுல இருந்தார்.

ரோபோவா மாறுற விமானம் அதுக்கு முன்னாடியும் ஜப்பான் கார்ட்டூன்ல உண்டு. ஆனா பெரும்பாலும், இது விமானம்னு யாராவது சொன்னாதான் நமக்குத் தெரியும். வால்கிரி அப்படி இல்ல. சட்டுனு பார்த்தா அமெரிக்கக் கடற்படையோட எஃப்-14 டாம்கேட்தான்னு நினைப்பீங்க. வால்ல மண்டையோடு வரைஞ்ச விஎஃப்-84 படைப்பிரிவோட சாயல்கூட அதுல இருக்கு. எஃப்-14-ஐ மாதிரியா எடுத்ததுல அழகைத் தாண்டி ஒரு வசதியும் இருந்துச்சு. அதோட ரெண்டு எஞ்சினும் ஒட்டிக்கிட்டு இருக்காது. நடுவுல நல்ல இடைவெளி விட்டு, ரெண்டு நீளமான குழாய் மாதிரி தள்ளித் தள்ளி இருக்கும். அந்த ரெண்டையும் கீழ மடக்குங்க. கால் ரெடி. பின்னாடி நெருப்பு வர்ற வாய் விரிஞ்சா பாதம். அந்த இடைவெளிக்குள்ளதான் கை ரெண்டும் மடங்கி ஒளிஞ்சிருக்கும். வயித்துக்கு அடியில தொங்கற துப்பாக்கி நேரா கைக்கு வந்துடும். இறக்கை முதுகுக்குப் போயிடும். விமானத்துல இருந்த பாகம் எதுவும் காணாமப் போகாது, இல்லாதது திடீர்னு முளைக்காது. பேப்பர்ல வரையறதோட நிக்காம லெகோ வெச்சு மடக்கிப் பார்த்து டிசைன் பண்றது கவாமோரியோட பழக்கம். பொம்மையைக் கையில வெச்சிருக்கறவர் காலை மெதுவா நகர்த்திப் பாருங்க. கால் பின்னாடியிருந்து முன்னாடி வந்து மூக்குப் பக்கம் ஒட்டணும். அதுக்குன்னு ஒரு சின்ன உலோகத் தண்டு இருக்கும். மொத்த டிசைன்லயும் கஷ்டமான இடம் அதுதான்.

முழு விமானமும் இல்லாம முழு ரோபோவும் இல்லாம நடுவுல ஒரு நிலை உண்டு, பேரு கெர்வாக். விமானத்துக்குக் கை கால் மட்டும் முளைச்ச மாதிரி, கோழி நடக்கற மாதிரி இருக்கும். சின்ன வயசுல எனக்கு அது சிரிப்பா இருந்துச்சு. இப்போ யோசிச்சா, கால்ல இருக்கற எஞ்சினோட வாய் கீழ பார்த்தா விமானம் நின்ன இடத்துலயே மிதக்கலாம். நம்ம டெக்சாஸ்லயே ஃபோர்ட் வொர்த்ல அசெம்பிள் ஆகிற எஃப்-35பி-யைப் பாருங்க. இறங்கும்போது பின்னாடி இருக்கற எஞ்சின் குழாய் முட்டி மடங்கற மாதிரி கீழ திரும்பும். அமரில்லோல அசெம்பிள் ஆகிற வி-22 ஆஸ்ப்ரே, எஞ்சினை மேல திருப்பினா ஹெலிகாப்டர், முன்னாடி திருப்பினா விமானம். கை கால் இல்லையே தவிர, மாறுற விமானம் நிஜத்துல இருக்கு.

இது டெக் பாட்காஸ்ட்ங்கறதால எஃப்-14-ஐ இதோட விட மனசு வரலை. அதோட இறக்கை 20 டிகிரியில இருந்து 68 டிகிரி வரைக்கும் பின்னாடி போகும். மெதுவா கப்பல்ல இறங்கணும்னா விரிக்கும், வேகமா போகணும்னா மடக்கும். அந்தக் கோணத்தைப் பறந்துக்கிட்டே கணக்குப் போட்டு மாத்தறதுக்கு உள்ள ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. ரே ஹோல்ட், ஸ்டீவ் கெல்லர் இவங்கள்லாம் இருந்த டீம், அதுக்கான சிப் தொகுப்பை 1970-ல முடிச்சாங்க. இன்டெல்லோட 4004 சந்தைக்கு வந்தது 1971 நவம்பர்ல. அப்போ உலகத்தோட முதல் மைக்ரோபிராசசர் எது? ஒரே சிப்பா இருக்கணுமா, பல சிப் சேர்ந்தா கணக்கா, அந்தச் சண்டை இன்னும் ஓடுது. என்னை உறுத்தறது வேற விஷயம். ராணுவ ரகசியம்னு சொல்லி, 1998 வரைக்கும் ஹோல்ட் அதைப் பத்தி வெளிய எழுதவே முடியல. பண்ணவருக்கு, நான்தான் பண்ணேன்னு சொல்றதுக்கு இருபத்தெட்டு வருஷம்.

சரி, கதைக்கு வருவோம். விமானம் எதுக்கு மனுஷனா மாறணும்? மேக்ராஸ்ல எதிரி ஜென்ட்ராடிங்கற ராட்சசங்க. ஒவ்வொருத்தனும் சுமாரா 10 மீட்டர் உயரம். வால்கிரி எழுந்து நின்னா 12.68 மீட்டர். நேருக்கு நேர் கைகலப்பு வந்தா அந்த உயரம் வேணும். கடைசியில அந்த ராட்சசங்களை ஆட்டம் காண வைக்கிறது ஏவுகணை இல்ல, மின்மேங்கற பொண்ணோட பாட்டு. பாட்டால எதிரி மனசு மாறுற கதையை நம்ம வீட்ல யாருக்கும் விளக்கணும்னு இல்ல.

இனிமேதான் சிக்கல். தொடரை எடுக்கப் பணம் பத்தலை. தட்சுனோகோங்கற நிறுவனம் உள்ள வந்து, கைமாறா ஜப்பானுக்கு வெளிய விக்கற உரிமையை வாங்கிக்கிச்சு. அவங்ககிட்ட இருந்து லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற ஹார்மனி கோல்ட் வாங்கிச்சு. அமெரிக்க டிவியில வாரநாள் முழுக்க ஓட்டணும்னா 65 எபிசோடாவது வேணும். கையில 36தான். கார்ல் மேசெக் என்ன பண்ணார்னா, சம்பந்தமே இல்லாத இன்னும் ரெண்டு ஜப்பான் தொடரைச் சேர்த்து ஒட்டி, கதையை மாத்தி எழுதி, 85 எபிசோடா ஆக்கிட்டார். அதுதான் 1985-ல வந்த 'ரோபோடெக்'. வால்கிரி அங்க வெரிடெக் ஆச்சு. ஹிகாரு இச்சிஜோ ரிக் ஹன்டர் ஆனான். ஸ்கூல்ல முதல் நாள் டீச்சர் நம்ம பேரைப் பார்த்து முழிச்சு, பாதியா வெட்டிக் கூப்பிட்ட அனுபவம் உள்ளவங்களுக்கு ஹிகாருவோட நிலைமை புரியும்.

கோட் எழுதறவங்களுக்குச் சுருக்கமா: மேக்ராஸ் மூல ரெப்போ. ரோபோடெக் ஒரு ஃபோர்க். ஜெட்ஃபயர் இது ரெண்டும் இல்ல, தொகுத்த ஃபைலை மட்டும் எடுத்து வேற ஐகான் ஒட்டின மாதிரி.

எப்படின்னா, வால்கிரி பொம்மையை 1/55 அளவுல முதல்ல செஞ்சது டகடோகு. அந்த கம்பெனி 1984-ல திவாலாச்சு. அச்சு பண்டாய் கைக்குப் போச்சு. அதே நேரம் இங்க ஹாஸ்ப்ரோ, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசைக்குப் பொம்மை தேடிக்கிட்டு இருந்துச்சு. பெரும்பாலானது டகாராங்கற கம்பெனியோடது. ஜெட்டுக்கு பண்டாய்கிட்ட லைசென்ஸ் வாங்கி, 1985-ல ஜெட்ஃபயர்னு வித்தாங்க. டகாராவும் பண்டாயும் ஜென்மப் பகை. போட்டியாளரோட பொம்மையை டகாரா எப்படி விளம்பரம் பண்ணும்? அதனால கார்ட்டூன்ல உருவத்தை மாத்தி வரைஞ்சு, ஸ்கைஃபயர்னு நாலாவது பேரு வெச்சாங்க. நம்ம லிசனர் கேள்விக்குப் பதில் இதுதான். இதுல வேடிக்கை, டகாராவோட டயக்லோன் பொம்மைகளுக்கும் கவாமோரி வேலை செஞ்சிருக்கார். டிரான்ஸ்ஃபார்மர்ஸ்ல பாதி வந்ததே அங்கிருந்துதான்.

இது எனக்கு வெறும் பொம்மைக் கதையா தெரியாததுக்கு ஒரு காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு கம்பெனியில பத்து மாசம் கான்ட்ராக்ட். இன்வாய்ஸை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்ன டூல், யாரும் கேக்காம, சனி ஞாயிறுல உக்காந்து எழுதினேன். கான்ட்ராக்ட் முடிஞ்சுது, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் வேற கிளையண்ட் ஆபீஸ்ல ஒரு விற்பனை டெமோ. அதே டூல், வேற பேரு, வேற லோகோ. எரர் மெசேஜ்ல நான் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே. எனக்கே விளக்கறாங்க, தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை எடுத்துப் படிச்சேன். கான்ட்ராக்டர் எழுதின கோட், சம்பளத்துக்கு இருக்கறவங்க எழுதினது மாதிரி தானா கம்பெனிக்குப் போயிடாது. 1989-ல ஒரு சிற்பி சம்பந்தப்பட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் அந்தக் கோட்டைத் தெளிவா போட்டிருக்கு. அதனாலதான் ஒப்பந்தத்துல தனியா ஒரு பத்தி வைப்பாங்க: இந்தக் காலத்துல நீ உருவாக்கற எல்லாத்தையும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கறேன்னு. ஏழாவது பக்கம். கீழ என் கையெழுத்து. தப்பு என்னோடதுதான்.

மேக்ராஸ் விஷயத்துல அந்தப் பத்தி யாருக்கும் தெளிவா இல்ல, அதனால எல்லாரும் கோர்ட்டுக்குப் போனாங்க. பேட்டில்டெக் விளையாட்டுல வால்கிரி உருவம் இருந்துச்சு. 1990கள்ல ஹார்மனி கோல்ட் வழக்குப் போட, அந்த உருவங்களையே தூக்கிட்டாங்க. ஜப்பான் கோர்ட் 2000களின் தொடக்கத்துல, டிசைன் பிக்வெஸ்ட்டுக்கும் ஸ்டூடியோ நூ-வுக்கும் சொந்தம், படமா எடுத்த தொடர் தட்சுனோகோவுக்கு சொந்தம்னு ரெண்டாப் பிரிச்சுது. பாதிக்கப்பட்டது பார்க்கறவங்க. 2008-ல வந்த மேக்ராஸ் ஃபிரான்டியரை அப்போ இங்க முறைப்படி பார்க்க வழியே இல்லாம இருந்துச்சு. நானெல்லாம் காலேஜ்ல எப்படிப் பார்த்தேன்னு கேக்காதீங்க. 2021 ஏப்ரல்லதான் பிக்வெஸ்ட்டும் ஹார்மனி கோல்டும் கையெழுத்துப் போட்டு, பெரும்பாலான மேக்ராஸ் தொடர்கள் வெளிநாட்டுக்கு வர வழி விட்டாங்க. முதல் தொடர் வந்து 39 வருஷம் ஆகப்போற நேரத்துல.

வாய்ஸ் நோட் அனுப்பினவருக்கு: பொம்மையை ஜன்னல் ஓரமா வைக்காதீங்க. அந்த வெள்ளை பிளாஸ்டிக் வெயில் பட்டா மஞ்சளாகும், ஜெட்ஃபயர் அதுக்குப் பேர் போனது. சிவப்பு பூஸ்டர் பாகங்கள் கூட வந்துச்சான்னு அந்த வீட்ல இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் அதுதான் தொலைஞ்சு போயிருக்கும். அப்புறம், 59-ல தெற்கே விக்டோரியா வரைக்கும் போய், அங்கிருந்து 77-ஐப் பிடிச்சு ஓட்டினா கார்பஸ் கிறிஸ்டி. யுஎஸ்எஸ் லெக்சிங்டன் கப்பல் மியூசியத்துல மேல்தளத்துல ஒரு எஃப்-14 நிக்குது. பொம்மையைக் கையோட எடுத்துட்டுப் போங்க. பின்னாடி நின்னு ரெண்டு எஞ்சினுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியைப் பாருங்க.