மாலேயில் கிடைத்த வரவேற்பு

2024 பிப்ரவரியில் மாலத்தீவுக்குக் கிளம்பும்போது எனக்கு உதறல்தான். முந்தின மாதம் அந்நாட்டுத் துணை அமைச்சர்கள் மூவர் நம் பிரதமரை ஏளனமாக எழுத, அந்த அரசே அவர்களை இடைநீக்கம் செய்தது. 'அங்கே போகாதே' என்று இங்கே ஒரே கூச்சல். "கைக்குழந்தையோட போகணுமாடி?" என்றாள் அம்மா. டிக்கெட்டோ முன்பே வாங்கியாயிற்று.

மாலே விடுதிக்கார அம்மாள், "இந்தியாவா?" என்றதும் எனக்குத் திக்கென்றது. அவரோ குழந்தையை வாரிக்கொண்டார். "என் பையனுக்குத் திருவனந்தபுரத்துலதான் ஆபரேஷன். 2014 டிசம்பர்ல இங்கே குடிதண்ணி நின்னுபோனப்ப உங்க நாடுதான் விமானத்துல அனுப்புச்சு. மறப்போமா?"

2023இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போன நாடு அது. இப்போது அவரது விடுதியில் பாதி அறை காலி.

"பேசினது மந்திரிங்க, நஷ்டம் எனக்கு" என்றார்.

சகோதரிகளே, எனக்கு வெட்கமாயிருந்தது. நானும் பயந்துதானே போனேன்!