இலையைக்கொண்டு நொச்சி இனங்களைப் பிரித்தறிதல்

இந்தியாவின் ஆற்றோரங்களிலும் தரிசு நிலங்களிலும் வேலிகளிலும் பரவலாகக் காணப்படும் புதர்ச்செடிகளுள் நொச்சியும் ஒன்றாகும். வடமொழி மருத்துவ நூல்கள் இதனை நிர்க்குண்டி என வழங்கும். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு இட்ட தாவரப் பெயர் வைட்டெக்ஸ் நெகுண்டோ என்பது. இதனோடு நெருங்கிய உறவுடையது நீர்நொச்சி. அதன் பெயர் வைட்டெக்ஸ் டிரைஃபோலியா. இவ்விரண்டிற்கும் நாற்கோண வடிவான இளங்கிளைகளும், எதிரெதிரான இலைகளும், கசக்கினால் எழும் மணமும், நீலம் கலந்த ஊதாப் பூக்களும் உண்டு. ஆதலின் பூவாத காலத்தில் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் எளிதில் நேரும் பிழையாம்.

இப்பிழை சிறிதன்று. மருந்துக்கு இலை திரட்டுவோர் ஒரே மூட்டையில் இரண்டினையும் சேர்த்துவிடக்கூடும். பெயர் தவறாகக் குறிக்கப்பட்ட உலர்மாதிரி ஒன்று உலர்தாவரத் தொகுப்பில் சேருமாயின், அவ்வினம் வளராத இடத்தில் வளர்வதாகப் பதிவு ஏற்பட்டு, பின்வருவோரும் அதனையே நம்புவர்.

முதற்கண், இலை எது, சிற்றிலை எது என்பதில் தெளிவு வேண்டும். நொச்சியில் ஐந்து இலைகள் ஓரிடத்தில் தோன்றுவதாக மாணவர் கூறுவதுண்டு. உண்மையில் அவை ஐந்தும் சேர்ந்து ஒரே கூட்டிலையாகும். காம்பு கிளையோடு சேரும் கோணத்தில் மொட்டு காணப்படும். சிற்றிலையின் அடியில் அத்தகைய மொட்டு இராது. இதனை ஒரு முறை கைக்கண்ணாடியால் காட்டினால் மாணவர் மறவார்.

அடுத்து, எண்ணிக்கையை நம்பலாகாது. டிரைஃபோலியா என்பதற்கு மூவிலை என்பது பொருள். ஆனால் நொச்சியிலும் மூன்று சிற்றிலைகளையுடைய கூட்டிலைகள் உண்டு. ஐந்துடையனவும் அதே செடியில் இருக்கும். நீர்நொச்சியிலோ சில இலைகள் ஒற்றைச் சிற்றிலையாகவே நின்றுவிடுகின்றன. பெயரே வழிதவற வைக்கும் இடம் இது.

நம்பத்தக்க அடையாளம் நடுச்சிற்றிலையின் காம்பாகும். நொச்சியில் நடுச்சிற்றிலை தனக்கெனத் தெளிவான ஒரு காம்புடையது. பெரும்பாலும் ஏறத்தாழ 1 செ.மீ. நீளமிருக்கும். நீர்நொச்சியில் சிற்றிலைகள் காம்பின்றி, அல்லது காம்பு உண்டோ இல்லையோ என்னும்படி, பொதுக்காம்பின் நுனியில் ஒட்டியிருக்கும். வடிவமும் துணைசெய்யும்: நொச்சியின் சிற்றிலை ஈட்டிபோல் குறுகி நீண்ட கூர்நுனியில் முடியும், நீர்நொச்சியினது மேற்பகுதியில் அகன்று, பெரும்பாலும் மழுங்கிய நுனியுடையது. அடிப்புறத்து வெண்மயிர் இரண்டிற்கும் பொது. எனவே அது பயன்படாது. விளிம்பும் அவ்வாறே: நொச்சியில் முழுவிளிம்பும் பல்விளிம்பும் காணப்படுகின்றன.

கருநொச்சி எனப்படும் செடி பெயரளவில்தான் நொச்சி. அதன் இலை கூட்டிலையன்று, தனியிலை. அது ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்தது. முன்னர் வெர்பினேசியில் வைக்கப்பட்ட மற்ற இரண்டும் இப்பொழுது துளசியின் குடும்பமாகிய லாமியேசியில் சேர்க்கப்பட்டுள்ளன.

வளரிடமும் முழுச்சான்றாகாது. நீர்நொச்சி இயல்பாகக் கடற்கரையை ஒட்டி வளர்வதாயினும், உள்நாட்டிலும் வேலிக்காக நடப்படுகிறது. மாதிரி எடுக்குங்கால், வெட்டிய அடிமரத்தின் தளிர்களை விடுத்து, கிளையின் நடுப்பகுதியிலுள்ள முதிர்ந்த இலைகளைக் கணுவோடு சேர்த்து எடுத்தல் வேண்டும். உதிர்ந்த சிற்றிலைகளால் பயனில்லை. தாளில் பரப்பும்போது, ஓரிலையேனும் அடிப்புறம் தெரியுமாறு திருப்பிவைக்கப்படுதல் வேண்டும். நடுச்சிற்றிலையின் காம்பு மற்றோர் இலையால் மறைந்துவிடலாகாது.